ஒரு யென் நோட்டில் இருந்த அரசி: ஜிங்கூ வரலாறா, கட்டுக்கதையா?

நோட்டுக்காரன்:

பழைய காகிதப் பணம் சேர்ப்பவன் நான். 1881இல் ஜப்பான் அரசு வெளியிட்ட ஒரு யென் நோட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிய நோட்டில் முகச்சித்திரம் இடம்பெற்றது அதில்தான் முதல்முறை. அந்த முகம் ஒரு பெண்ணுடையது: ஜிங்கூ பேரரசி. செதுக்கியவர் எதுவார்தோ கியோசோனே என்ற இத்தாலியர். அதனாலோ என்னவோ, அம்மணி பார்ப்பதற்கு ரோமாபுரிச் சீமாட்டி மாதிரி இருக்கிறார். அவருக்கு அப்புறம் இன்னொரு பெண் முகம் நோட்டின் முன்பக்கம் வர 2004 ஆகிவிட்டது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானிய அரச வரிசையில் 14ஆவது பேரரசர் சூவாய். அவர் மனைவிதான் ஜிங்கூ. குமாசோ என்னும் தெற்கத்தி மக்களை அடக்கக் கியூஷு தீவுக்கு வந்து, காஷீ என்ற இடத்தில் கணவனும் மனைவியும் தங்குகிறார்கள். அங்கே ஜிங்கூ மேல் சாமி வந்து, "குமாசோவை விடு, மேற்கே கடலுக்கு அப்பால் பொன்னும் வெள்ளியும் நிறைந்த நாடு இருக்கிறது, அதைத் தருகிறேன்" என்கிறது. "உயரத்தில் ஏறி நின்று பார்த்தேன், கடலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை" என்று சூவாய் நம்ப மறுக்கிறார். அரைமனதோடு யாழ் போன்ற கோதோ என்னும் கருவியை மீட்டிக்கொண்டிருக்கிறார். திடீரென்று இசை நிற்கிறது. விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் ராஜா செத்துக் கிடக்கிறார்.

அப்புறம் கர்ப்பிணியான ஜிங்கூ பிரசவம் தள்ளிப்போக இடுப்பில் கல்லைக் கட்டிக்கொள்கிறார், ஆண்போலக் கொண்டை போட்டுக்கொண்டு படையோடு கடலில் இறங்குகிறார். மீன்களே கப்பலைத் தாங்குகின்றன. கொரியத் தீபகற்பத்தின் சில்லா நாட்டு மன்னர் சண்டையில்லாமல் சரணடைகிறார். திரும்பி வந்து கியூஷுவில் ஆண் குழந்தை பெறுகிறார், அவர்தான் 15ஆவது பேரரசர் ஓஜின். மகன் பெயரில் கி.பி. 201 முதல் 269 வரை ஜிங்கூ ஆட்சியை நடத்தி, நூறாவது வயதில் இறந்தார் என்று 720இல் முடிந்த அரசாங்க வரலாற்று ஏடான நிஹோன் ஷோகி சொல்கிறது.

இப்போது கேள்வி. மீனையும் கல்லையும் விட்டுவிடுவோம். இப்படி ஒரு பெண் இருந்தாரா?

சுவடிக்கூடம்:

இல்லை.

கொஞ்சம் விரிவாகச் சொல்வதென்றால், கணக்கே உதைக்கிறது. சூவாயின் அப்பா யமாத்தோ தகேரு என்ற வீரர். நிஹோன் ஷோகி கொடுக்கும் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அப்பா இறந்து முப்பது வருடத்துக்கும் மேலான பிறகு சூவாய் பிறக்கிறார். கணவரே காலக்கணக்கில் நிற்கவில்லை, மனைவி எங்கே நிற்பார்?

அடுத்து பெயர். ஜிங்கூ என்பது பிற்காலத்தில் சூட்டிய பட்டம். ஏட்டில் அவர் பெயர் ஒகினாகா தராஷி ஹிமே. 629இல் பட்டத்துக்கு வந்த ஜொமெய் பேரரசரின் பெயரில் இதே "ஒகினாகா தராஷி" அப்படியே இருக்கிறது. அவர் மனைவி, பிறகு தானே அரியணை ஏறிய சைமெய் பேரரசியின் பெயரிலும் "தராஷி ஹிமே" இருக்கிறது. ஆக இது ஏழாம் நூற்றாண்டு அரச குடும்பத்தின் பெயர். அதைக் கழற்றி நானூறு வருடம் பின்னால் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள்.

அந்த சைமெய் என்ன செய்தார்? இன்னொரு கொரிய நாடான பெக்சே 660இல் வீழ்ந்ததும் அதை மீட்க 661இல் முதிய வயதில் தானே படையோடு கியூஷுவுக்குக் கிளம்பினார். போகும் வழியில் கப்பலிலேயே அரச குடும்பத்துப் பெண் ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்தது, அதுதான் இளவரசி ஒகு. கியூஷுவில் சைமெய் இறந்தார். 663இல் கொரியக் கரையில் ஜப்பானியப் படை சீனத் தாங் படையிடம் நொறுங்கியது. ஜப்பானியக் கப்பல்கள் 400 எரிந்ததாகச் சீன ஏடு எழுதுகிறது. அந்தத் தோல்விக்கு இருபது வருடம் கூட ஆகாத 681இல்தான் தெம்மு பேரரசர் நாட்டு வரலாற்றைத் தொகுக்க உத்தரவிடுகிறார்.

அரசி, கியூஷு, கொரியப் படையெடுப்பு, பயணத்தில் பிரசவம். எல்லாம் அங்கே இருக்கிறது. தோற்ற போரை ஜெயித்த போராக மாற்றி முன்னோர் தலையில் வைத்தார்கள். நவோகி கோஜிரோ போன்ற வரலாற்றாசிரியர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்திலேயே இந்தத் திசையில் எழுதிவிட்டார்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

கடலோடி:

இருக்கிறது சார். சொல்கிறேன்.

சைமெய் கதையைத்தான் பின்னோக்கி நகர்த்தினார்கள் என்றால், ஜிங்கூ பற்றிய பகுதியில் ஏழாம் நூற்றாண்டுச் செய்தி மட்டும்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்குள் நான்காம் நூற்றாண்டின் உறுதியான செய்திகள் இருக்கின்றன.

ஒன்று. ஜிங்கூ ஆட்சியின் 52ஆம் ஆண்டில், அதாவது 252இல், பெக்சே நாடு ஏழு கிளை வாள் ஒன்றை அனுப்பியதாக எழுதியிருக்கிறது. அந்த வாள் கதையில் மட்டும் இருப்பதல்ல. நாரா மாகாணத்தில் இசோனோகாமி கோயிலில் இன்றும் இருக்கிறது. சுமார் 75 சென்டிமீட்டர் நீளம், இருபக்கமும் மும்மூன்று கிளை, தங்கம் பதித்த எழுத்து. அதில் உள்ள ஆண்டைப் பெரும்பாலோர் 369 என்று படிக்கிறார்கள்.

இரண்டு. ஜிங்கூ 55ஆம் ஆண்டில், அதாவது 255இல், பெக்சே மன்னர் இறந்தார் என்று ஒரு வரி. கொரிய ஏடான சம்குக் சகி அதே மன்னர் கன்சோகோ 375இல் இறந்ததாகச் சொல்கிறது. வித்தியாசம் துல்லியமாக 120 வருடம். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு. ஒரே ஆண்டுப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். தொகுத்தவர்கள் இரண்டு சுற்று முன்னால் தள்ளிவிட்டார்கள். தள்ளியதைத் திருப்பி இழுத்தால் 372இல் வாள், 375இல் மன்னர் சாவு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மூன்று, இதுதான் எனக்குப் பிடித்தது. ஜிங்கூ 5ஆம் ஆண்டில் சில்லா நாட்டுப் பணயக் கைதி ஒருவர் தப்பிப்பதும், தப்பிக்க உதவிய சில்லா தூதர்களை ஜப்பானியர் எரித்துக் கொல்வதும் வருகிறது. அதே சம்பவம் சம்குக் சகியில் 418இல் வருகிறது. கைதி இளவரசர் மிசாஹுன், உதவியவர் பாக் ஜெசாங். கொரியாவில் பாக் ஜெசாங் இன்றும் விசுவாசத்துக்குப் பெயர்போன மனிதர். எதிரி நாட்டு ஏடும் ஒத்துக்கொள்ளும் சம்பவத்தை யாரும் 681க்குப் பிறகு உட்கார்ந்து கற்பனை செய்திருக்க முடியாது.

ஆக நான்காம் நூற்றாண்டின் கடைசியில் யமாத்தோ அரசு, அதாவது அன்றைய ஜப்பானிய அரசு, கடல் கடந்து படை அனுப்பியது உண்மை. அந்தக் காலத்தின் நினைவைத்தான் ஜிங்கூ என்ற பெயர் சுமக்கிறது.

குறுக்கேள்வி:

205இல் நடந்ததாகச் சொல்வது 418இல் நடந்தது என்றால் 120 வருடக் கணக்கு எங்கே போனது கடலோடி அண்ணா? அது 213 வருடம் ஆகிறதே. இழுக்கிற கயிறு ரப்பர் போல இருக்கிறது.

சுவடிக்கூடம்:

குறுக்கேள்வி என் வேலையைச் செய்துவிட்டார்.

120 வருட நகர்த்தல் பெக்சே சம்பந்தப்பட்ட வரிகளுக்கு மட்டும்தான் சரிப்படுகிறது. காரணம் எளிது. தொகுத்தவர்கள் மேசையில் பெக்சே ஏடுகள் இருந்தன. 663க்குப் பிறகு நாடிழந்து ஜப்பானுக்கு வந்த பெக்சே அறிஞர்கள் கொண்டுவந்தவை என்று பலர் கருதுகிறார்கள். "பெக்சே பதிவு சொல்கிறது" என்று நிஹோன் ஷோகியே பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறது. அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். ஜிங்கூ பகுதியில் மிச்சம் என்ன? சாமி, மீன், கல்.

அந்த 120 வருடத்தை ஏன் தள்ளினார்கள் என்று கேட்டால் குட்டு வெளிப்படும். சீன வெய் நாட்டு வரலாற்றில் 239இல் தூது அனுப்பிய ஹிமிகோ என்ற ஜப்பானிய அரசி வருகிறார். சீனர்கள் எழுதி வைத்துவிட்டதால் அதை மறைக்க முடியாது. ஜப்பானியப் பழங்கதையில் அந்தக் காலத்துக்குப் பொருந்தும் பெண் ஆட்சியாளர் ஒருவர் தேவைப்பட்டார். ஜிங்கூ பகுதியில் 39, 40, 43ஆம் ஆண்டுகளுக்கு நேரே வெய் ஏட்டின் வரிகளை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். 66ஆம் ஆண்டில் சீன ஜின் அரசுக் குறிப்பு, 266இல் தூது அனுப்பிய "அரசி" பற்றி. ஹிமிகோவோ 240களின் முடிவிலேயே இறந்துபோனவர். ஆக இரண்டு அரசிகளை ஒரே ஆளாக்க வேண்டியிருந்தது. அதனால்தான் நம் அம்மா நூறு வயது வரை வாழ வேண்டியதாயிற்று.

வேடிக்கை என்ன தெரியுமா? ஹிமிகோவுக்குக் கணவன் கிடையாது, தம்பிதான் ஆட்சியில் துணை என்று அதே வெய் ஏடு சொல்கிறது. ஜிங்கூவுக்கோ கணவனும் மகனும் இல்லாவிட்டால் கதையே இல்லை. இருவரையும் ஒருவர் என்று சொல்லாமல் சொல்ல முயன்றவர்கள் அந்த வரியை மேற்கோளில் சேர்க்கவில்லை.

வெண்பனி:

நீங்கள் இருவரும் தேதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். எனக்கு அந்தக் கதையின் முதல் காட்சிதான் முக்கியமாகப் படுகிறது.

ராணி மேல் தெய்வம் இறங்குகிறது. ராஜா இசைக்கருவி மீட்டி அதை வரவழைக்கிறார். அமைச்சர் தகேஉச்சி நோ சுகுனே முற்றத்தில் நின்று தெய்வத்திடம் கேள்வி கேட்டு விளக்கம் பெறுகிறார். நிஹோன் ஷோகிக்குச் சில வருடம் முந்திய ஏடான கோஜிகி இதை ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்பது வரை சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு அரண்மனையில் சீனச் சட்டம் படித்த அதிகாரிகள் கற்பனையில் இட்டுக்கட்டக்கூடிய காட்சியா இது? அருள்வாக்குச் சொல்லும் பெண், அதைக் கேட்டு அரசாளும் ஆண் என்ற பழைய ஏற்பாட்டின் வாசனை இதில் இருக்கிறது. சுவடிக்கூடம் சார் சொன்ன ஹிமிகோவும் தம்பியும் அதே ஏற்பாடுதான். ஹிமிகோ மந்திர வழியில் மக்களைக் கட்டிப்போட்டார் என்று சீனர்கள் எழுதினார்கள்.

கோஜிகியில் அந்தத் தெய்வம் சூவாயிடம் பேசும் தொனியைப் பாருங்கள். "இந்த நாடு நீ ஆள வேண்டியதே இல்லை, ஒரே வழியில் போ" என்று சபிக்கிறது. ஒரே வழி என்றால் சாவு. பேரரசரின் பெருமைக்காகவே எழுதப்பட்ட ஏட்டில் ஒரு பேரரசரைத் தெய்வம் இவ்வளவு கேவலமாகத் தூக்கியெறிகிறது. இட்டுக்கட்டுகிறவன் இதையா இட்டுக்கட்டுவான்?

நோட்டுக்காரன்:

இந்தச் சாவு எனக்கும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நிஹோன் ஷோகியில் நோய் கண்டு மறுநாள் செத்தார் என்றும், குமாசோ அம்பு பட்டுச் செத்தார் என்று வேறொரு பாடமும் இருக்கிறதாம். சாவை வெளியே சொல்லாமல் மறைத்தார்கள் என்றும் வருகிறது. கூடவே பிரசவத்தைத் தள்ளிப்போட்ட கல். கொஞ்சம் வில்லங்கமாகக் கேட்கிறேன்: ஓஜின் சூவாய்க்குப் பிறந்தவர்தானா?

குறுக்கேள்வி:

ஆகா, இழை சூடு பிடிக்கிறது.

கடலோடி:

இதை வம்பு என்று தள்ள முடியாது, நெடுநாளாக உள்ள கேள்வி. ஏட்டுக் கணக்குப்படி சூவாய் இரண்டாம் மாதம் இறக்கிறார், ஓஜின் பன்னிரண்டாம் மாதம் பிறக்கிறார். பத்து மாதத்துக்குச் சற்று மேல். தொகுத்தவர்கள் கவனமாக எல்லைக்குள் வைத்திருக்கிறார்கள். கல் கதை அந்தச் சந்தேகத்துக்குப் பூட்டு போடத்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. ஒசாகாவில் சுமியோஷி பெருங்கோயில் இருக்கிறதே, நான்கு சன்னதிகளில் மூன்று கடல் தெய்வங்களுக்கு, நான்காவது ஜிங்கூவுக்கு. அந்தக் கோயிலின் பழைய ஏடு இன்னும் ஒரு படி போகிறது. சூவாய் இறந்த இரவு ராணிக்கும் சுமியோஷி தெய்வத்துக்கும் கணவன் மனைவி உறவு ஏற்பட்டது என்றே எழுதி வைத்திருக்கிறது.

மிசுனோ யூ என்ற வரலாற்றாசிரியர் 1950களில், ஓஜினோடு ஒரு புது வம்சமே தொடங்குகிறது என்று வாதிட்டார். பழைய வம்சத்தையும் புதியதையும் ஒட்டவைக்க ஒரு தாய் தேவைப்படுகிறார். திரும்பி வரும் வழியில் என்ன நடக்கிறது பாருங்கள். சூவாயின் மூத்த மனைவி பிள்ளைகள் ககோசாகாவும் ஒஷிகுமாவும் வழிமறிக்கிறார்கள். ககோசாகாவைக் காட்டுப்பன்றி கொல்கிறது. ஜிங்கூ குழந்தையைப் பிணப் படகில் வைத்து, இளவரசன் செத்துவிட்டான் என்று புரளி கிளப்புகிறார். பிறகு வில்லின் நாணை எல்லாம் அறுத்துப் போட்டுச் சமாதானம் பேசுகிறார்கள். எதிரி நம்பித் தன் நாணையும் அறுத்ததும், ஜிங்கூ படையினர் கொண்டைக்குள் ஒளித்து வைத்திருந்த வேறு நாணை எடுத்துப் பூட்டி அடிக்கிறார்கள். ஒஷிகுமா தோற்று நீரில் மூழ்கிச் சாகிறார்.

கியூஷுவிலிருந்து ஒரு தாயும் கைக்குழந்தையும் கிழக்கே வந்து யமாத்தோவைக் கைப்பற்றும் கதை இது. கொரியப் படையெடுப்பை விட இந்த உள்நாட்டுப் போர்தான் அசல் செய்தி என்று எனக்குத் தோன்றும்.

சுவடிக்கூடம்:

வெண்பனி மேடத்துக்கு முதலில். அருள்வாக்குக் காட்சி பழமையானது என்பதை ஏற்கிறேன். ஆனால் சடங்கு பழையது என்பதால் அதில் வரும் பாத்திரமும் வரலாற்று மனிதர் ஆகிவிட மாட்டார்.

கடலோடிக்கு: கொரியப் படையெடுப்பை உண்மை என்று தொடங்கினீர்கள், இப்போது உள்நாட்டுப் போர்தான் அசல் என்கிறீர்கள். எதையாவது ஒன்றைப் பிடியுங்கள் ஐயா.

இந்தக் கதையை "ஏதோ உண்மை இருக்கும்" என்று தாராளமாக விடுவதில் எனக்கு ஏன் கசப்பு என்றும் சொல்லிவிடுகிறேன். இது பாட்டி சொன்ன கதையாக மட்டும் இருந்து முடியவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் இரண்டு முறை படையெடுத்து வந்த பிறகு ஜிங்கூ கதை புதுசாக ஊதப்பட்டது. 1592இல் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கொரியாவுக்குள் படை அனுப்பியபோதும் இவர்தான் முன்னுதாரணம். 1910இல் கொரியாவை விழுங்கியபோது, பழங்காலத்தில் நம்முடையதாக இருந்தது திரும்பி வருகிறது என்று சொல்ல இதே கதை உதவியது. 1945 வரை பள்ளிக்கூடப் பாடத்தில் பிள்ளைகள் இதை வரலாறு என்றே படித்தார்கள். இந்தப் பழைய பகுதிகள் வரலாறல்ல என்று எழுதிய த்சுதா சோகிச்சியின் நூல்கள் 1940இல் தடை செய்யப்பட்டன, 1942இல் அவருக்குத் தண்டனையும் விதித்தார்கள். அந்த நோட்டில் ஜிங்கூ முகம் வந்த 1881, கொரியத் துறைமுகங்களை மிரட்டித் திறக்கவைத்த 1876 ஒப்பந்தத்துக்கு ஐந்தே வருடம் பின்னால். எந்த முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசியுங்கள்.

கடலோடி:

அரசியல்வாதி பயன்படுத்தினான் என்பதற்காக ஆதாரத்தைத் தூக்கிப் போட முடியாது. அதே தவறைத்தான் மறுபக்கமும் செய்தார்கள். வடக்கே இருந்த கோகுர்யோ என்ற கொரிய நாட்டின் குவாங்கெத்தோ மன்னரின் நினைவுக் கல், 414இல் நட்டது, ஆறு மீட்டருக்கு மேல் உயரம், இன்றைய சீனாவில் ஜியான் நகரில் நிற்கிறது. ஜப்பானியர் 391இல் கடல் தாண்டி வந்தார்கள் என்று படிக்கக்கூடிய ஒரு வரி அதில் இருக்கிறது. 1972இல் லீ ஜின்ஹூய் என்ற ஆய்வாளர், ஜப்பானிய ராணுவம் சுண்ணாம்பு பூசி எழுத்தை மாற்றிவிட்டது என்று குற்றம் சாட்டினார். பிற்பாடு சுண்ணாம்பு பூசுவதற்கு முன் கல்லிலிருந்து காகிதத்தில் ஒற்றியெடுத்த படிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. அந்த ஒரு வரியை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று இன்னும் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் 400இல் ஜப்பானியரை விரட்டி சில்லாவைக் காக்க ஐம்பதாயிரம் வீரர்களை அனுப்பினோம் என்று அதே கல் சொல்கிறதே, அதில் என்ன சந்தேகம்? எதிரில் யாருமே இல்லாமலா ஐம்பதாயிரம் பேர் போனார்கள்?

அடுத்து, 478இல் ஜப்பானிய மன்னர் ஒருவர் சீனப் பேரரசருக்கு எழுதிய கடிதம். என் முன்னோர் கடல் தாண்டி வடக்கே 95 நாடுகளை அடக்கினார்கள் என்று பெருமை பேசுகிறார். எண்ணிக்கை அளப்பாக இருக்கலாம். ஆனால் இந்த நினைவு நிஹோன் ஷோகிக்கு 240 வருடம் முந்தியது. சைமெய் பிறப்பதற்கே நூறு வருடத்துக்கு மேல் முந்தியது. 663 தோல்வியை மறைக்கப் பிறந்த கதை என்று எப்படிச் சொல்வீர்கள்?

கொரியாவை ஜப்பான் ஆண்டது என்று நான் சொல்லவே இல்லை, கவனியுங்கள். கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதியை ஆள யமாத்தோ அங்கே ஒரு அலுவலகம் வைத்திருந்தது என்ற பழைய கருத்தை இரு நாட்டு அறிஞர் குழுவும் 2010இல் கைவிட்டுவிட்டது. படை போனது வேறு, ஆண்டது வேறு.

குறுக்கேள்வி:

சரி, எனக்கு ஒரு எளிய சந்தேகம். இந்த அம்மாவுக்குக் கல்லறை இருக்கிறதாமே. தோண்டிப் பார்த்தால் முடிந்தது கதை. ஏன் இத்தனை பக்கம்?

நோட்டுக்காரன்:

நாராவில் கோசாஷி என்ற பெரிய சாவித்துளை வடிவ மேடு. சுமார் 270 மீட்டர் நீளம். ஆனால் அரச குடும்பத்துக் கல்லறை என்று வரையறுத்துவிட்டால் அரண்மனை நிர்வாகம் யாரையும் தோண்ட விடாது. 2008இல் 16 ஆய்வாளர்களை உள்ளே விட்டார்கள், அதுவும் அடிப்படி வரைக்கும்தான். சும்மா நடந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.

கடலோடி:

அந்த மேட்டின் அமைப்பையும் கிடைத்த மண் உருளைகளையும் வைத்து நான்காம் நூற்றாண்டின் கடைசி அல்லது ஐந்தின் தொடக்கம் என்கிறார்கள். 269ஓடு 120 கூட்டினால் 389. சும்மா சொல்லி வைக்கிறேன்.

சுவடிக்கூடம்:

அது யாரோ ஒருவரின் கல்லறை. 843இல் என்ன நடந்தது என்று தெரியுமா? பக்கத்தில் இன்னொரு மேடு, 13ஆவது பேரரசர் செய்முவுடையது என்பார்கள். ஏதோ அபசகுனம் ஏற்பட்டு அரண்மனை ஏட்டைப் புரட்டினால், அதுவரை இரண்டையும் மாற்றி மாற்றிக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. நிஹோன் ஷோகி முடிந்து நூற்றிருபத்து மூன்று வருடத்தில் அரண்மனைக்கே எது யார் கல்லறை என்று தெரியவில்லை. அதை வைத்து 389 என்று கூட்டல் போடுகிறீர்கள்.

வெண்பனி:

ஒன்று கேட்கிறேன். ஜிங்கூவை "இல்லாதவர்" என்று ஒதுக்குகிற வேகம் அவர் கணவர் விஷயத்தில் ஏன் இல்லை? சூவாயும் அதே அளவுக்குச் சந்தேகத்துக்குரியவர் என்று சுவடிக்கூடம் சாரே முதல் பதிலில் சொன்னார். ஆனால் அதிகாரபூர்வப் பட்டியலில் சூவாய் இன்றும் 14ஆவது பேரரசர். ஜிங்கூ பட்டியலில் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் கிதபதாகே ச்சிகபுசா எழுதிய அரச வரலாற்றில் அவர் 15ஆவது ஆட்சியாளர். பிறகு மிதோ பிரபுக்கள் தொகுத்த பெரிய வரலாற்றில் அவரைப் பேரரசர் வரிசையிலிருந்து எடுத்து மனைவிமார் பகுதியில் வைத்தார்கள். 1889இல் பெண்கள் அரியணை ஏறக்கூடாது என்று சட்டம். 1926இல் அரச ஆணைப்படி வரிசை முடிவானபோது ஜிங்கூ ஒரேயடியாக வெளியே. 1926இல் அவரை நீக்கியவர்கள், 660 கி.மு.வில் முதல் பேரரசர் ஜிம்மு பட்டம் ஏறினார் என்பதையும் சூவாய் அம்மா வயிற்றிலேயே காலம் கடந்து இருந்ததையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆதாரம் பார்த்து நீக்கினார்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது.

சுவடிக்கூடம்:

இதில் பாதி சரி. சூவாயையும் நீக்குங்கள், நான் கைதட்டுகிறேன். ஆனால் நிஹோன் ஷோகியே ஜிங்கூவைப் பேரரசர் என்று அழைக்கவில்லை. மகனுக்காக ஆண்டவர் என்றுதான் சொல்கிறது. ஏட்டில் தனி அத்தியாயம் முழுசாகக் கொடுத்தும், பட்டம் கொடுக்கவில்லை. மிதோக்காரர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆணாதிக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது 720இலேயே தொடங்கிவிட்டது.

வெண்பனி:

720இல் அரியணையில் இருந்தவர் கென்ஷோ, பெண். எட்டு வருடம் முன்னால் கோஜிகியைப் பெற்றுக்கொண்டவர் கென்மெய், அவரும் பெண், கென்ஷோவின் அம்மா. தாங்களே ஆண்டுகொண்டிருந்த பெண்களின் கண் முன்னால்தான் ஜிங்கூவுக்கு "மகனுக்காக ஆண்டவர்" என்ற இடம் கிடைத்தது. அதனால் அதை வெறும் ஆணாதிக்கம் என்று முடித்துவிட முடியாது. பேரனுக்காக அரியணையைக் காத்த பாட்டிகளுக்கு அந்த வாசகம் தேவைப்பட்டிருக்கும். கென்மெய் அரியணை ஏறியதே பேரன் ஷோமு வளரும் வரை அதைக் காக்கத்தானே.

கடலோடி:

அருமையான இடம் அக்கா. ஆனால் இது சுவடிக்கூடம் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது, கவனித்தீர்களா?

நான் ஒன்று சேர்க்கிறேன். மக்கள் நினைவு என்று ஒன்று தனியாக இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் கியூஷுவில் ஆளுநராக இருந்த கவிஞர் யமனோயே நோ ஓகுரா, ஜிங்கூவின் அந்த இரண்டு கற்களைப் பற்றிப் பாட்டு எழுதியிருக்கிறார். வழிப்போக்கர் எல்லாரும் குதிரையை விட்டு இறங்கி மண்டியிட்டு வணங்கிப் போவார்கள் என்கிறார். மத்சுரா ஆற்றில் ஜிங்கூ ஊசியை வளைத்து, பாவாடை நூலில் சோற்றுப் பருக்கை மாட்டி மீன் பிடித்து சகுனம் பார்த்தார் என்றும், அதனால் அவ்வூர்ப் பெண்கள் ஆண்டுதோறும் நான்காம் மாதம் அதே மாதிரி மீன் பிடிக்கிறார்கள் என்றும் நிஹோன் ஷோகி சொல்கிறது. தலைநகரத்து எழுத்தர் ஆணையிட்டு ஊர்ப் பெண்கள் தூண்டில் போட மாட்டார்கள்.

சுவடிக்கூடம்:

ஊர்ப் பெண்கள் முதலில் மீன் பிடித்தார்கள், அரசி பிறகு வந்து சேர்ந்தார்.

சரி, என் கடைசிச் சீட்டைப் போடுகிறேன். கடலோடி நம்பும் அதே பெக்சே பதிவிலிருந்து. ஜிங்கூ 62ஆம் ஆண்டு, 120 கூட்டினால் 382. சாச்சிஹிகோ என்ற தளபதியைச் சில்லாவைத் தாக்க அனுப்புகிறார்கள். சில்லாக்காரர்கள் இரண்டு அழகிகளைத் துறைமுகத்துக்கு அனுப்ப, அவர் மயங்கிப்போய்ச் சில்லாவை விட்டுவிட்டு நட்பு நாடான கராவைத் தாக்குகிறார். பேரரசருக்குக் கடுங்கோபம். தளபதி ரகசியமாகத் திரும்பி வந்து ஒளிந்துகொள்கிறார். அரண்மனையில் ஆட்சியாளரின் அன்புக்குப் பாத்திரமாயிருந்த தங்கை மூலம் மனநிலையை அறியப் பார்க்கிறார். "நேற்று அண்ணனைக் கனவில் கண்டேன்" என்று அவள் மெல்ல எடுக்க, ஆட்சியாளர் கொதிக்கிறார். தளபதி குகைக்குள் போய்ச் சாகிறார்.

ஜிங்கூ ஆண்டுகொண்டிருக்கும் பகுதியின் நடுவில், ஆசைநாயகி வைத்திருக்கும் ஒரு ஆண் ராஜா. ஏட்டை ஒட்டியவர்கள் அழிக்க மறந்துவிட்டார்கள். 382இல் படை அனுப்பியவர் ஒரு ஆண். இப்போது சொல்லுங்கள், அந்தப் பெண்ணை எங்கே வைப்பீர்கள்?

கடலோடி:

படை போனது உண்மை என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு அது போதும். அனுப்பியவர் ஆணா பெண்ணா என்பது அடுத்த சண்டை.

வெண்பனி:

எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். காஷீயில் இருந்த இடத்திலேயே வைக்கலாம். அங்கே கோதோ மீட்டுகிறவர் ஒருவர், வாக்குச் சொல்கிறவர் ஒருவர், படை நடத்துகிறவர் வேறொருவர். உங்கள் 382 ராஜாவுக்குக் கிளம்பு என்று சொன்னது யார் என்பதைப் பெக்சே எழுத்தர் எழுதவில்லை. அவருக்கு அது தெரிய வேண்டிய விஷயமும் இல்லை.

சுவடிக்கூடம்:

எழுதப்படாத இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் மேடம். எட்டாம் நூற்றாண்டுக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்.

வெண்பனி:

அவர்கள் அங்கே ஒரு பெண்ணை உட்கார வைத்தார்களே, ஏன்? யமாத்தோ தகேரு மாதிரி ஆண் வீரர்கள் கைவசம் நிறையப் பேர் இருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு என்னை மடக்குங்கள்.